அப்பாவுக்கு அழுத நாள்

இப்போது எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது யாரையாவது கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பேத்தி கோலாலம்பூருக்கு பஸ் ஏறும்போது கட்டிக்கொள்கிறாள், சனிக்கிழமை திரும்பி வந்ததும் மறுபடி கட்டிக்கொள்கிறாள். மருமகள் ஈப்போ டவுனில் வேலை பார்ப்பவள், நல்ல பெண். தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஹேப்பி தீபாவளிலா அத்தே" என்பாள். அவள் கை என் தோளில் விழுந்ததும், "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று வாய்வரைக்கும் வந்துவிடும். நாளும் கிழமையுமாக அப்படிக் கேட்டு வைத்தால் நன்றாகவா இருக்கும்? விழுங்கிக்கொண்டு வடையை எடுத்து நீட்டுவேன்.

நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த வேலையே வேறு. கட்டிக்கொள்வது என்றால் சேலையைக் கட்டிக்கொள்வார்கள், கல்யாணம் கட்டிக்கொள்வார்கள், குளிர்காய்ச்சலில் பிள்ளை நடுங்கினால் தாய் கட்டிக்கொண்டு படுப்பாள். புருஷன் மேல் கோபம் வந்தால், "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார்கள். தழுவுவது, அணைப்பது எல்லாம் இருந்தனதான். மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூத்துக்காரர்கள் பாட்டில் அவை இருந்தன, எங்கள் வாயில் இல்லை. வளர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வதை நான் இழவு வீட்டைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு முறை இருந்தது. சேதி கேட்டதும் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கொண்டையை அவிழ்ப்பார்கள். வரிசை வீடுகளான லயத்தின் முனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். துக்கக்காரி எழுந்து இரண்டு கையையும் நீட்டுவாள், வருகிறவள் அவள் கழுத்தில் விழுவாள். தோளில் தோள், தலையோடு தலை வைத்து ஆடி ஆடி அழுவார்கள். அடுத்து வருகிறவர்கள் வளையத்தில் சேர்ந்துகொள்வார்கள். போனது யார், எப்படிப் போனார் என்பதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு கேட்டுக்கொள்கிற சமாசாரம். முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை. இந்த ஒழுங்கில் வளர்ந்த பிள்ளை நான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும். முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். எங்கள் கித்தாத் தோட்டம், ரப்பரை அப்படித்தான் சொல்வோம், ஈப்போ பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்பா மாட்டுவண்டிக்காரர். புகை போட்ட கித்தாத் தகடுகளை ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன்னே செமோர் ரயிலடிக்குப் போவார். இறக்கி வைத்துவிட்டு, சீனர் கடையில் காப்பி குடித்து, ஊர்க்கதை கேட்டு, மத்தியானத்துக்குள் வருவார். தோட்டத்தில் அவருக்கு நல்ல பேர். வாய் நிறையப் பேசுவார், பிள்ளைகளைத் தாயி, ராசா என்றுதான் கூப்பிடுவார், அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் கண் கலங்கிவிடுவார். அழுகிற ஆண்பிள்ளை என்று அவரைக் கேலி செய்பவர்கள்கூட அந்த மனசுக்காகத்தான் அவரை விரும்பினார்கள். எனக்கு அவர்தான் உலகம், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவள். அந்த மாதம் மட்டும் வீட்டில் இருந்தாள், தம்பி பிறந்திருந்தான். தொட்டில் ஆட்டுவதற்கு நான். எல்லாரும் கித்தாக் காட்டுக்குப் போய்விட்ட அந்த நேரத்தில் லயமே வெறிச்சென்று கிடக்கும். நான் வாசலில் உட்கார்ந்து கித்தாக் கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். பெரிய சாலையான சடக்கிலிருந்து ஒரு பெண் துணிமூட்டையோடு எங்கள் லயத்தைப் பார்த்து வந்தாள். வெயிலில் நடந்து முகம் கறுத்துப்போயிருந்தது. காலில் செருப்பில்லை. அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட. நெற்றியில் பெரிய குங்குமம் வைத்து, தலையை அழுந்த வாரி, அத்தனை தூரம் நடந்தவள்போலவே இல்லாமல் சேலையை ஒழுங்காகக் கட்டியிருந்தாள்.

"பாப்பா, வண்டிக்காரர் வீடு இதானா?"

"ஆமா."

"உங்கப்பாவுக்கு எந்த ஊரு?"

அப்பா அடிக்கடி சொல்லும் அந்த ஊர்ப் பேரைச் சொன்னேன். அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குமே?"

"ஆமா. மாடு முட்டினது."

"மாடு இல்ல, அருவாமனை" என்றாள். "சின்னதுல விழுந்தது. சரி, உங்கப்பா பேரு என்ன, சொல்லு."

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

இதென்னடா பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் சத்தமாகவே சொன்னேன். அந்தச் சத்தத்தில் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரு நீங்க? பிள்ளைகிட்ட என்ன கேள்வி? பேரு தெரிஞ்சா நேரா பேரைச் சொல்லிக் கேக்கறதுதானே?"

"என் வாயால சொல்லக் கூடாதே தங்கச்சி" என்றாள் வந்தவள்.

அம்மா தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அப்பா பேரைச் சொல்ல வேண்டியிருந்தால் அம்மா என்னைத்தான் கையோடு கூட்டிப் போவாள். ஆனால் என் அப்பா பேரைச் சொல்லக் கூடாதவள் அம்மாவைத் தவிர இன்னொருத்தி இருக்க முடியும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. அவள் வந்தவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். வந்தவள் தம்பியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா. என்னிடம் திரும்பி, "அத்தை வீட்டுல போயி கொஞ்சம் காப்பித்தூள் வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா" என்றாள்.

அம்மா வாயிலிருந்து அவசரமில்லை என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை என்பவள் அம்மாவின் அண்ணன் பெண்டாட்டி. வீடு லயத்தின் அடுத்த கோடியில். அவள் காலில் முள் குத்திச் சீழ் வைத்து வேலைக்குப் போகாமல் இருந்தாள். நான் சொல்பேச்சுக் கேட்டு, வழியிலிருந்த கோழிகளையெல்லாம் துரத்தி, அத்தை கொடுத்த வெல்லத்தைத் தின்று, மெதுவாகவே திரும்பினேன்.

வாசலுக்கு வரும்போதே தம்பி அழுகிற சத்தம் கேட்டது. பாயில் தனியாகக் கிடந்தான். நடுவீட்டில் அம்மாவும் வந்தவளும் நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் கொண்டையும் அவிழ்ந்து கிடந்தது. அம்மாவின் கழுத்தை அவள் கட்டியிருந்தாள், அவள் முதுகை அம்மா கட்டியிருந்தாள். தலையோடு தலை வைத்து ஆடி ஆடி, வாய் விட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

யார் முதலில் கையை நீட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

காப்பித்தூள் கீழே கொட்டிவிட்டது. ஏழு வயதுக்கு எனக்கு மூளை ரொம்ப வேகம் என்று அப்பாவே மெச்சுவார். அந்த மூளை அப்போது கணக்குப் போட்டது. அப்பா போனது செமோருக்கு. இவள் வந்தது செமோர் சடக்கிலிருந்து. போன மழைக்கு ஒரு பால்வெட்டு ஆள் ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்து செத்துப்போனபோது, போலீஸ்காரர் வந்து ஊர் என்ன, உடம்பில் தழும்பு உண்டா, பேர் என்ன என்று இதே வரிசையில்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் அந்த வீட்டிலும் இப்படித்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் அப்பா செத்துப்போய்விட்டார். கத்த வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. கால் மட்டும் ஓடியது.

"அத்தே! அப்பா செத்துட்டாங்க!"

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியோடு எழுந்தாள். "அடி பாவி, என்னடி சொல்றே? எங்கடி? எப்படிடி?"

எப்படி என்று கேட்டால் எதையாவது சொல்ல வேண்டுமே. "செமோர் சடக்குல. வண்டி குடை சாஞ்சிருச்சு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது கண்ணில் தெரிந்தது. சக்கரம் மேலே சுற்றுகிறது, மாடு கால் உதைக்கிறது, அடியில் அப்பா. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அத்தை புண்காலையும் மறந்து கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது. அங்கிருந்து ஸ்டோருக்குப் போயிற்று. ஸ்டோரில் பால் நிறுக்கிற என் மாமா காதில் விழுந்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். காட்டிலிருந்து பெண்கள் பால் வாளியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டு நடுவில் வளையம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. சாவுக்குத் தப்பு அடிக்கிறவரை யாரோ கூட்டி வந்தார்கள். வாசலில் உடம்பைக் கிடத்த ஒரு பெஞ்சைக் கழுவிப் போட்டார்கள்.

மாமா வளையத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "உடம்பு எங்கம்மா இருக்கு? ஆஸ்பத்திரியிலயா, ரயிலடியிலயா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அழுதாள். பாவம், வாய் வரவில்லை என்று அவர் நகர்ந்து போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வந்தவள்தான் பாட்டெடுத்து அழுதாள். குரல் கணீரென்று இருந்தது. 'தாலி கொடுத்த மகராசா, தண்ணி தாண்டிப் போனீகளே. உங்களப் பெத்தவளக் குளிப்பாட்டி அனுப்பினேனே, கொள்ளி வைக்க மகனில்லாம ஊரான் வச்சானே' என்று இழுத்துக்கொண்டே போனாள். பெண்கள் ஏங்கி ஏங்கி அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அத்தையின் அழுகை தடுமாறியது. வளையத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னது, தாலி கொடுத்தவரா? ஏம்மா, யாரும்மா இவ?"

அம்மா முகத்தைத் திருப்பினாள். கண்ணீரும் மூக்குமாக இருந்தாலும் குரல் நிதானமாக வந்தது.

"நாம அழுதோமே அண்ணி, அவதான்."

"எவ?"

"காலராவுல போயிட்டான்னு இந்த லயத்துல உக்காந்து நாம எல்லாரும் கட்டிக்கிட்டு அழுதோமே. அந்த மவராசிதான். சாகல. உயிரோட வந்து நிக்கிறா."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரி நின்றுபோனது. தம்பி மட்டும் விக்கிக்கொண்டிருந்தான்.

இனி சொல்லப்போவது எனக்குப் பிற்பாடு, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகத் தெரிய வந்தது. அப்பா கப்பலேறி வந்து ஒரு வருஷம் ஆனபோது, ஈப்போவில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்ததாகவும், ஊரில் விட்டு வந்த பெண்டாட்டி காலராவில் போய்விட்டதாகவும் சொல்லிக்கொண்டு வந்தார். சொன்னதோடு விட்டாரா? தலையை மொட்டை அடித்துக்கொண்டார். மூன்று நாள் சோறு தொடவில்லை. முகம் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காக லயத்துப் பெண்கள் கூடி, முறையாகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணாக அம்மாவும் அந்த வளையத்தில் நின்று அழுதாள். இத்தனை பாசமாக அழுகிறானே, நல்ல மனுஷன் என்று மாமாவின் மனம் இளகித்தான் தங்கையை அவருக்குக் கொடுத்தார். அப்பா அந்த நாளில் விட்ட கண்ணீருக்குக் கிடைத்ததுதான் அம்மா, நான், தம்பி எல்லாம்.

அவளோ அத்தனை வருஷமும் ஊரில் அவர் பெண்டாட்டியாகவே இருந்திருக்கிறாள். அவரைப் பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டுத்தான், பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்த தன் தம்பியோடு கப்பலேறியிருக்கிறாள். புருஷன் இருக்கிற தோட்டம் இதுதான் என்று விசாரித்து, தனியாக ரயிலேறிச் செமோரில் இறங்கி, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவளிடம்தான் அம்மா, 'நீங்க செத்து வருஷக்கணக்காச்சு' என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் காப்பித்தூள் வாங்கப் போயிருந்த நேரத்தில்.

ஒப்பாரி நின்ற அந்த நிமிஷத்தில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

வாசலில் கூட்டத்தையும் கழுவிப் போட்ட பெஞ்சையும் தூரத்திலேயே பார்த்துவிட்டார் போலும், அப்பா வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி வந்தார். "யாருக்கு என்னாச்சு? பிள்ளைக்கா? ஐயோ, எம்பிள்ளைக்கா?" என்று கத்திக்கொண்டு வந்தார். வெளியில் நின்றவர்களுக்கு உள்ளே நடந்த பேச்சு ஒன்றும் தெரியாது. ஆயாக் கொட்டகைக்காரி "ஆத்தாடி, ஆவி!" என்று அலறிக்கொண்டு கோழிக்கூண்டின் மேல் விழுந்தாள். தப்புக்காரர் தப்பைப் போட்டுவிட்டு ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

அப்பா என் எதிரே வந்து மண்டியிட்டு என் தோளைக் குலுக்கினார். "தாயி, தம்பிக்கு என்னடி? சொல்லுடி!"

அவர் கை சூடாக இருந்தது. ஆவிக்குக் கை சூடாக இருக்குமா? மாட்டு வாடையும் காப்பி வாடையும் வந்தன. அவர் என்னை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார்.

இப்போது மயிர்ப்பிடிச் சண்டைதான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று தெரிந்த வீடுகளில் பானை உடைந்து பார்த்திருக்கிறோம். வந்தவள் அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். வசவு வரப்போகிறது, மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவளோ, கிடத்தி வைத்த உடம்பைச் சுற்றி வந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி தலையிலிருந்து கால்வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்து அழ ஆரம்பித்தாள்.

'பொய்யா என்னச் சாகவச்சு, மெய்யா நீங்க செத்தீகளே' என்றாள். 'உசந்த எடத்துல ஒரு பொண்ணு, ஒசரம் போதாம போனேனோ நான்' என்றாள். புருவத்துத் தழும்பைச் சொன்னாள். சின்ன வயதில் அவர் அரிவாள்மனையில் விழுந்து ரத்தம் கொட்டியபோது தாய் துடித்ததைச் சொன்னாள். அந்தத் தாய் கடைசி மூச்சில் மகன் பேரைச் சொன்னதைச் சொன்னாள். அப்பாவுக்குத் தன் தாய் செத்த சேதியே அப்படித்தான் தெரிந்தது, தன் சாவுக்குப் பாடுகிற பாட்டுக்கு நடுவில்.

மாமா அப்பாவின் துண்டைப் பிடித்து முறுக்கினார். "செத்துட்டான்னு சொன்னியேடா. மொட்டை அடிச்சியேடா. உன்னை நம்பி எந்தங்கச்சியக் குடுத்தேனேடா!"

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஏய், விடு அவள. விட்டுட்டு உள்ள போ."

அம்மா அப்பா சொல்லைத் தட்டி நான் பார்த்ததில்லை. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். இழவு வீட்டில் ஒருத்தி கட்டிய கையை மற்றவள் விலக்கிவிட்டால் அதைவிட அவமானம் கிடையாது, ஏழு தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அம்மா கையை எடுத்துவிட்டால் வந்தவள் இந்த வீட்டுக்கு யாரும் இல்லை, செத்தவள் செத்தவள்தான். எடுக்காவிட்டால் அப்பாவின் கதி என்ன? எல்லாப் பெண்களும் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விட மாட்டேன்" என்றாள் அம்மா. "நானும் அழுவணும்."

சொல்லிவிட்டு அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓ என்று கத்தினாள். என் அம்மாவுக்கு அப்படியொரு குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. முதலில் அத்தை தரையிலிருந்து எழுந்தாள். நொண்டிக்கொண்டு போய் வந்தவளின் மறுபக்கத் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஆயாக் கொட்டகைக்காரி. அப்புறம் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. உயிரோடிருந்த ஒரு பெண்ணுக்கு அழுதுவிட்ட அத்தனை பேரும் போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். உயிரோடு, கண்ணெதிரே, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற என் அப்பாவுக்கு லயமே கூடி ஒப்பாரி வைத்தது. தப்புக்காரர் திரும்பி வந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார். "அடி" என்றார் மாமா. அந்த ஆள் கை கூச, இழவு அடி அடித்தார்.

'அப்பா சாகலை, நல்லாப் பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க' என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அப்பா பின்பக்கமாகவே நடந்து, வாசற்படி தடுக்கி, வெளியே போனார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. மேலே பட்டுவிடக் கூடாது என்று விலகுகிற மாதிரி விட்டது.

அழுது முடிந்ததும் வந்தவள் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். கட்டிய சேலையோடு உட்கார்ந்தாள். அத்தை குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து அவள் தலையில் ஊற்றினாள். பொட்டு கரைந்து ஓடியது. அவள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே கழற்றினாள். பாலில் போடுவது வழக்கம். லயத்தில் அந்த நேரத்துக்குக் கறவைப் பால் ஏது? அம்மா டின் பாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பால் மரத்தில் கட்டுகிற பீங்கான் மங்கில் ஊற்றி எடுத்து வந்தாள். அதில்தான் போட்டாள். அம்மா தன்னுடைய இரண்டு நல்ல சேலையில் ஒன்றைக் கொடுத்து அவளை உடுத்திக்கொள்ளச் சொன்னாள்.

இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் அத்தை வீட்டிலிருந்து சோறு வந்தது. அம்மாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் தம்பியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பாட்டி ஜாடை என்று சொன்னாள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு" என்றாள். மாமா அவளை ரயிலடிவரை கொண்டுபோய் விட்டார். மாட்டுவண்டியில் ஏறச் சொன்னதற்கு வேண்டாம் என்று நடந்தே போனாள். பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு யாரும் சோறு போடவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அத்தையிடம் கேட்டதற்கு, "வாய மூடுடி" என்றாள்.

அவரைத் தேடிப் போனேன். மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தார். மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்தார், தண்ணீர் காட்டியிருந்தார், அதற்கு மேல் அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து செத்துப்போயிருந்த அப்பா முழுசாக உட்கார்ந்திருக்கிறாரே! சக்கரம் ஏறவில்லை, மாடு மிதிக்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. இந்தச் சந்தோஷத்தை லயத்தில் ஒருத்தராவது கொண்டாடக் கூடாதா என்று எல்லார் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பா, நீங்க சாகலைப்பா" என்றேன். "அவங்களுக்கெல்லாம் தெரியலப்பா."

அவர் உடம்பு முதலில் கட்டை மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு கையாலும் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் தலையில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நீ ஒருத்திதான் தாயி அப்படிச் சொல்றே" என்றார்.

ஊரே ஏமாந்தபோதும் நான் ஏமாறவில்லை என்று என் புத்தியைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன். அவர் அழுது முடிக்கிறவரை பெருமையாக அங்கேயே நின்றேன்.